காய்ச்சல் வராத கங்காதரன்

நெம்மேலிக் குப்பத்தில் கங்காதரனுக்குக் காய்ச்சல் வந்து யாரும் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒருவர் போர்த்திப் படுத்திருக்கையில் அவன் மட்டும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருப்பான். "எங்க வூட்டாளு ஒடம்பு கருங்கல்லு" என்று அவன் பெண்டாட்டி வச்சலா மீன்கூடையோடு பஸ் ஏறும்போதெல்லாம் சொல்லுவாள்.

எழுபத்தாறாம் வருஷம் ஆடியில் அவன் கண் மஞ்சளாயிற்று. குப்பத்தில் காமாலைக்கு வழி தெரியாதவர்கள் இல்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். மந்திரிக்கிற செங்கம்மாளைக் கூப்பிட்டு, தட்டில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி அருகம்புல்லால் கலக்கிக் காமாலையை இறக்கினார்கள். சில வாரத்தில் கண் வெளுத்தது. வச்சலா கன்னியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். அடுத்த வருஷமும் கண் மஞ்சளாயிற்று; வெளுத்தது; பொங்கல் வைத்தாள். மஞ்சள் போனால் நோயும் போயிற்று என்பதுதான் கணக்கு.

மூன்றாவது தடவை கண் வெளுத்த பிறகும் கால் வீக்கம் வடியவில்லை. வயிறு உப்பிக்கொண்டே வந்தது. வச்சலாவின் அண்ணன் மாயவன், கங்காதரனோடு ஒரே மரத்தில் கடலுக்குப் போகிறவன், வாசலில் வந்து நின்றான்.

"இன்னா மச்சான், மாசமா கீறியா? ஊரெல்லாம் சாராயத்த மூடிட்டான், ஒனக்கு மட்டும் எங்க கெடைக்குது? நமக்கும் ஒரு கிளாஸு காட்டக் கூடாதா?"

"நாக்குல வச்சதில்ல மச்சான். ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணுமே."

அன்றைக்கே வச்சலா அவனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தத்தை எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் வசுமதி என்ற டாக்டரம்மா இருவரையும் உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னதே வச்சலாவுக்கு நல்லதாகப் படவில்லை.

"உங்க அம்மா இருக்காங்களா?" என்று கங்காதரனிடம் கேட்டார்.

"நான் சின்னப் புள்ளையா இருக்கச் சொல்லோவே பூட்டாங்க. வயிறு வீங்கி. செய்வினைன்னாங்க."

"செய்வினை இல்ல. அவங்க ரத்தத்துல ஒரு கிருமி இருந்திருக்கும். நீங்க பொறக்கும்போதே உங்களுக்கு வந்திருக்கும். பச்சைக் குழந்தை ஒடம்புக்கு எது வெளியாளு, எது வீட்டாளுன்னு தெரியாது. அதையும் வீட்டாளுன்னு விட்டுடுச்சு. மத்த காய்ச்சலை எல்லாம் நல்லாத்தான் விரட்டியிருக்கு. இது ஒண்ணை மட்டும் தொடல."

"அப்போ இத்தினி வருஷம் சும்மா இருந்த கிருமி இப்ப ஏன் ஈரலைத் துண்ணுது?"

"கிருமி தின்னலங்க. இப்பத்தான் உங்க ஒடம்பு முழிச்சுக்கிட்டிருக்கு. கிருமி ஈரலுக்குள்ள இருக்கு. அதை அடிக்கிறேன்னு ஈரலை அடிக்குது. ஒவ்வொரு தடவை கண்ணு மஞ்சளானப்பவும் உள்ள அந்தச் சண்டைதான் நடந்திருக்கு. கிருமியும் போகல. அடிபட்ட எடமெல்லாம் தழும்பாகி ஈரல் இறுகிப்போச்சு."

கங்காதரன் கேட்டான்: "வலைல கடல்பாம்பு சுத்திக்கும். புதுசா வர்றவன் பயந்துகினு தடியால சாத்துவான். பாம்பு சாவாது, வலை கிழியும். அந்த மாரியா?"

"அதேதான்."

"அடிக்காதன்னு சொல்ல மருந்து கீதா?"

"நம்பிக் கொடுக்கற மாதிரி ஒண்ணும் இல்ல."

"பாம்பையாவது எடுப்பீங்களா?"

"அதுக்கும் இன்னும் வரல."

வச்சலாவுக்குக் கோபம் வந்தது. "எல்லாத்தையும் இவ்ளோ சுளுவா சொல்ற. ஒண்ணும் பண்ண முடியாதுன்னா எதுக்கும்மா ரத்தம் எடுத்த?"

டாக்டரம்மா நீர் பிரியும் மாத்திரை எழுதினார். உப்பே கூடாது என்றார்; உப்புச் சேர்ந்தால் வயிற்றில் தண்ணீர் கட்டும். கருவாட்டை மறந்துவிட வேண்டும்.

பிடித்துக்கொள்ள வச்சலாவுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். விடாமல் பிடித்துக்கொண்டாள். அவனுக்கென்று தனிச் சட்டி வைத்தாள். சங்கரா மீனை வெறும் புளியிலும் மிளகாயிலும் கொதிக்கவிட்டாள். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவான்.

"ஒரு கல்லு போடும்மே. ஒரே ஒரு கல்லு."

"போட்டா வயிறு ஏறும். கம்முனு துண்ணு."

"போடலன்னா எறங்குதா?"

இறங்கத்தான் செய்தது. மாத்திரையில் வடிந்து, கன்னம் ஒட்டி, ஒரு மாதம் கரையில் நடமாடினான். அப்புறம் மறுபடி ஏறியது. செங்கல்பட்டில் வயிற்றில் ஊசி குத்தித் தண்ணீரை எடுத்து அனுப்பினார்கள். பத்து நாளில் பழையபடி நிறைந்தது. கையும் காலும் குச்சியாகி வயிறு மட்டும் முன்னால் நடந்தது. அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுலயே வச்சுக்கம்மா" என்றார். உப்பைப் பற்றி அவராக எதுவும் சொல்லவில்லை. வச்சலாவும் கேட்கவில்லை.

மறுநாள் அவள் மீன் விற்றுவிட்டுத் திரும்பியபோது பாயில் அவன் இல்லை. கரைப்பக்கம் தேடிக்கொண்டு போனாள். மணலில் கருவாடு காயப் போட்டிருந்த இடத்தில் கையூன்றி உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் வாயிலிருந்ததைச் சட்டென்று விழுங்கப் பார்த்துப் புரையேறி இருமினான்.

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அவன் கையில் பாதி நெத்திலி இருந்தது.

அவள் குந்தினாள். பரப்பிக் கிடந்ததில் பெரிதாக ஒரு வாளைக்கருவாட்டை எடுத்து முந்தானையில் தட்டினாள்.

"பச்சையா துண்ணாத, மண்ணு கீது. வா, சுட்டுத் தர்றேன்."