செங்கேணி வாசலில் பிடுங்கியது

சாலவாக்கம் பக்கத்து வயல்களில் செங்கேணி களை எடுக்கத் தொடங்கியது கல்யாணமான வருஷத்தில். இப்போது மகளைக் கட்டிக்கொடுக்கிற வயது. அவளோடு சேர்ந்து குனிகிற பெண்கள் ஆறேழு பேர். எந்த வயலுக்குப் போனாலும் ஒரே கூட்டமாகத்தான் போவார்கள்.

வரப்பிலெல்லாம் களைக்கொல்லி அடிக்க ஆரம்பித்த பிறகு கூட்டத்துக்கு வேலை குறைந்தது. செங்கேணிக்கு வேறொன்றும் உறுத்தியது. மகள் கல்பனா ஆசைப்பட்டாளே என்று பொன்னாங்கண்ணி தேடி வரப்பு வரப்பாக நடந்தால், கருகிய தண்டுதான் கிடைத்தது. அன்றைக்கே வீட்டு முன்னால் இருந்த குரோட்டன்ஸைத் தோண்டிப் போட்டாள். பிறகு எது கண்ணில் பட்டாலும் வேர்மண்ணோடு முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். தும்பை, கரிசலாங்கண்ணி, துத்தி, வல்லாரை, எங்கேயோ கிடைத்த பொன்னாங்கண்ணி. ஏரிக்கரையிலிருந்து ஒரே ஒரு ஓரிதழ்தாமரைச் செடி. இரண்டு மழைக்காலத்தில் வாசல் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

கூட்டத்தில் வாய்க்காரி அம்முலு. "இன்னாக்கா, வயல்ல புடுங்கினு வந்து வூட்ல நடுற? நாளைக்கு இதுக்கும் எங்களத்தான் கூப்புடுவியா?" என்பாள். செங்கேணி சிரித்துவிடுவாள். விளக்கிச் சொல்ல அவளுக்கு வராது.

கல்பனாவுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள். செங்கேணி காலையில் டவுன் பஸ் பிடித்துப் பூ வாங்க உத்திரமேரூர் போனாள். திரும்பியபோது வாசல் வெறும் மண். பெருக்கி, சாணி தெளித்து, அகலமாகக் கோலம். புடவையை இடுப்பில் செருகியபடி கூட்டம் நின்றது. நல்ல காரியம் என்றால் ஒருத்தி வாசலை மற்றவர்கள் சுத்தம் செய்து கொடுப்பது அவர்களுக்குள் வழக்கம்.

"சம்பந்தி வூட்டுக்காரங்க காட்டுக்குள்ளவா நடந்து வருவாங்க? ஒண்ணு விடாம வாரிட்டோம்," என்றாள் அம்முலு.

செங்கேணி பூக்கூடையை இறக்கி வைத்தாள். திட்ட வார்த்தை நாக்கு வரை வந்தது. ஆனால் எல்லோரும் இவளுக்காக வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். "டீ குடிச்சீங்களா?" என்றுதான் கேட்டாள்.

பிடுங்கியதெல்லாம் கொல்லைப்பக்கக் குப்பைமேட்டில் கைப்பிடி கைப்பிடியாகக் கிடந்தது. நல்ல களைக்காரி செடியை அறுக்க மாட்டாள். வேரோடு இழுத்து மண்ணை உதறுவாள். வேர்கள் முழுசாக இருந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை தாங்குமா?

மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்துவிட்டது. எல்லோருக்கும் காபி கொடுக்கிற இடைவெளியில் செங்கேணி ஒரு கோணியை நனைத்து எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நழுவினாள். பட்டுப்புடவையோடு குப்பைமேட்டில் நின்றவளை அம்முலு பார்த்துவிட்டாள்.

"யக்கா, சம்பந்தியம்மா உன்னத் தேடிக்கினு கீறாங்க. நீ களைக்குப் போர்வ போத்திக்கினு கீற."

"களை இல்லடி. நான் வெச்சது."

"அது தெரியும்க்கா. சும்மா வெளாட்டுக்கு நட்டு வெச்சிக்கீறன்னுதான நெனச்சோம்."

"வயல்ல இனிமே மொளைக்காது. அதான் வெச்சேன்."

அம்முலு கோணியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ உள்ள போ. முந்தானைல சேறு, தொடச்சிக்கோ," என்றாள். பந்தி நடக்கும்போது அவள் குடத்தோடு கொல்லைப்பக்கம் போய் வருவதைச் செங்கேணி பரிமாறிக்கொண்டே பார்த்தாள்.

வேன் கிளம்பியதும் கூட்டம் மறுபடி குனிந்தது. கை பழகினதுதானே வரும். கோலத்தை மிதித்துக்கொண்டு, நாற்று நடுகிற மாதிரி வரிசை பிடித்து, பின்னால் நகர்ந்தபடியே நட்டார்கள். தும்பையை அடுத்துத் துத்தி, துத்தியை அடுத்து வல்லாரை. செங்கேணி மாற்றச் சொல்லவில்லை.

பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் வாரத்துக்குள் நிமிர்ந்தன. துத்தியில் பாதி போயிற்று. ஓரிதழ்தாமரை கருகிவிட்டது; ஏரிக்கரையில் எவ்வளவு தேடியும் இன்னொன்று அகப்படவில்லை.

அடுத்த களையெடுப்பில் அம்முலு ஒரு கொத்துக் கோரையைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினாள். "யக்கா, இது வரப்புக்கா, உன் வூட்டுக்கா?"

கூட்டம் சிரித்தது.

"அத்த எறி," என்றாள் செங்கேணி. "மடியில இன்னாடி ஈரமா கீது?"

"ஆரக்கீர. உனுக்கில்ல, எங்க வூட்டு வாசலுக்கு," என்று சொல்லிவிட்டு அம்முலு குனிந்துகொண்டாள்.