கையோடு வராத கறுப்பு

குற்றாலத்து ஐந்தருவிப் பாதையில் அந்த இலையை முதலில் பறித்தவள் நான். மேலே கறுப்பாகப் படிந்திருந்தது. பூச்சிகள் கழிக்கும் இனிப்பில் வளரும் சாதாரணப் பூசணம்தான், விரலால் தேய்த்தால் வந்துவிடும் என்று நினைத்து, தேய்த்துக்கூடப் பார்க்காமல் கீழே போட்டேன். பின்னால் வந்த என் ஆய்வுத் தோழி அதை எடுத்துத் தேய்த்தாள். கறுப்பு வரவில்லை; இலையோடு ஒட்டி வளரும் வேறு பூஞ்சை அது.

தென்காசிக்குத் திரும்பியதும், நிறமில்லாத நெயில் பாலிஷை என்னிடமே வாங்கி இலைமேல் பூசினாள். காய்ந்ததும் பூஞ்சை அந்தப் படலத்தோடு உரிந்து வந்தது. அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வந்து பாரு."

பழுப்பு நிறத்தில் ஒரு பூஞ்சை வித்து, உள்ளே நான்கு குறுக்குச் சுவர்கள். அது அத்தனை அழகாக இருந்திருக்க வேண்டாம்.

"காத்துக் குமிழியா இருக்கும்" என்றேன்.

"குமிழிக்குள்ள சுவர் இருக்குமாட்டி?"

இந்தியாவில் அதுவரை பதிவாகாத பூஞ்சை என்று உறுதியாயிற்று. கட்டுரை அவள் பெயரில் வந்தது. கடைசியில் நன்றி சொல்லும் வரியில் நான் இருக்கிறேன், நெயில் பாலிஷுக்காக இருக்கும்.

இப்போதெல்லாம் குற்றாலத்தில் கறுப்புப் படிந்த எந்த இலையைக் கண்டாலும் தேய்த்துப் பார்க்கிறேன். எல்லாம் கையோடு வந்துவிடுகிறது.