கரையில் மீன் சுட்டவர்

சிவந்த கன்னமும் நீலக்கண்ணுமாக அச்சடித்த இயேசு படங்களைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். எழுபதுகளில், திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருந்த எங்கள் கோயிலுக்காக நற்செய்தியைப் புகைப்படப் புத்தகமாக்கத் தொடங்கினேன். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் சீடருக்கு மீன் சுட்டுக்கொடுக்கும் பக்கத்துக்கு, பக்கத்துச் சல்லிக் கிராமத்துக் கரையில் மீன் சுட்டுக்கொண்டிருந்த ஒரு சைவ மீனவரைப் படமெடுத்தேன். படம் அருமை. அதற்குக் கீழே போடும் வரிதான் சரிவரவில்லை. எழுதினேன், கிழித்தேன், ஓரிடத்தில் இருக்க ஏலாமல் நடந்து திரிந்தேன்.

சனம் என்ன சொல்லுமென்று அறிய, படத்தைப் பெரிதாக்கிக் கோயில் வாசலில் வைத்தேன். மறுநாளே யாரோ அதற்கு மல்லிகை மாலை போட்டு மெழுகுதிரியும் கொளுத்தியிருந்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வழியால் மீன் விற்க வந்த அந்த மீனவரின் மனைவி, படத்தைக் கண்டதும் கூடையைப் போட்டுவிட்டுத் தலையிலடித்துக் கத்தினா.

"காலமையும் என்னோட தேத்தண்ணி குடிச்ச மனுசன்! உயிரோட இருக்கிறவரை ஏன் செத்த ஆளாக்கி வைச்சிருக்கிறீங்கள்?"

மாலையைக் கழற்றினேன். அவ கேட்டதை அப்படியே படத்தின் கீழ் எழுதினேன்.