மட்கார்டில் விழுந்த குழிகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். எழுத உட்காருவேன், வெட்கமாக இருக்கும், எழுந்து போய்விடுவேன். இன்று முருகனைக் கும்பிட்டு எழுதிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் குடியிருந்தோம். ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், மோட்டார் பட்டறையில் பிரஷ்ஷால் சாயம் அடிக்கும் வேலை எனக்கு. அப்போதுதான் காற்றால் சாயம் பீய்ச்சும் துப்பாக்கி வந்திருந்தது. பட்டறையில் உலைப்பொறியும் தூசியும் அதிகம் என்பதால், வீட்டிலேயே அடித்துப் பழகச் சொல்லி நான்கு மட்கார்டுகளோடு அதையும் கொடுத்தனுப்பினார் முதலாளி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு, மூன்று பக்கமும் ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு சாய அறை கட்டினேன். என் மனைவி கைப்பம்பால் தொட்டியில் காற்றேற்றுவாள்.

கை சீக்கிரமே படிந்துவிட்டது. ஒரு சாண் தூரம், ஒரே வேகம், தகரத்தின் வளைவோடு கையும் போக வேண்டும். நின்றால் வழியும், விலகினால் மணல் மாதிரி சொரசொரக்கும். அதெல்லாம் வந்தது. ஆனால் சாயம் அங்கங்கே ஒட்டாமல் ஒதுங்கி, குட்டிக் குட்டிக் குழிகள் விழுந்தன.

முதலாளி பார்த்தார். "அம்மை போட்ட மூஞ்சிலா இது! திங்கக்கிழம நல்லா வரலன்னா, தைப்பிங்லேருந்து வேற சாயக்காரனக் கூப்புடுவேன். நீ வீட்டுக்குப் போலாம்."

எனக்குத் திருஷ்டி என்றுதான் தோன்றியது. காலையில் முருகன் விளக்கில் ஒரு திரி ஏற்றுகிறவன் ஐந்து ஏற்றினேன். ஒவ்வொன்றையும் விரலால் தூண்டிவிட்டு, கும்பிட்டு, கையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு நேரே வேலைக்குப் போய், தகரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அடிப்பேன். குழிகள் கூடத்தான் செய்தன. தாளிப்புப் புகைதான் காரணம் என்று மனைவியைச் சத்தம் போட்டு, இரண்டு நாள் தாளிக்கவே விடவில்லை.

மூன்றாம் நாள் அவள் பம்பை நிறுத்தினாள்.

"என்னங்க, நீங்க தடவிப் பாக்குற எடத்துலதான் குழி விழுது. திரி தூண்டுன கை அது."

"சாமி எண்ணெயவா குத்தம் சொல்ற?"

"சாமிய யாரு சொன்னா? ஒங்க கையச் சொல்றேன். தாளிக்காத ரசத்த ரெண்டு நாளா குடிச்சீங்களே, குழி போச்சா?"

வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து மட்கார்டில் பாதியைக் கழுவித் துடைத்தாள். தொடக் கூடாது என்றாள். கோபத்தோடுதான் சாயம் அடித்தேன். அவள் கழுவிய பாதி கண்ணாடி போல வந்தது. என் பாதி பழையபடி அம்மை.

எல்லாவற்றையும் தேய்த்து, கழுவி, மறுபடி அடித்தேன். திங்கட்கிழமை முதலாளி நான்கையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"யாருலா சொல்லிக் குடுத்தது?"

"நானே கண்டுபிடிச்சேன் தவுக்கே."

வேலை நிலைத்தது. பிறகு என்னிடம் வேலை பழக வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன். ஒருமுறை அவள் தேத்தண்ணி கொண்டுவரும்போது காதில் விழுந்தது. கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

இன்றும் விளக்கேற்றுகிறேன், கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடுகிறேன். ஐந்து திரி ஏற்றிக் கேட்டதற்கு ஆண்டவன் பதில் தராமல் இல்லை, பக்கத்தில் பம்பு அடித்தவளின் வாயால் தந்தான். இதை யாரிடமாவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்: கண்டுபிடித்தது நான் இல்லை, என் மனைவி.