எங்க ஊட்டுப் புள்ளைங்க

போன புதன்கிழமை பதில் வந்துவிட்டது. முடியாது என்று.

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பிரவுசிங் சென்டரில்தான் அந்த மெயிலைத் திறந்தோம். நானும் அரப்பளியும் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டோம். அங்கே வேலை பார்க்கும் பெண் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னார். வெளிநாடு போக அரப்பளி போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தவறான தகவல் கொடுத்ததால் இன்னும் ஐந்து வருஷத்துக்கு அரப்பளி மறுபடி விண்ணப்பிக்கக் கூடாது.

தவறான தகவலைக் கொடுத்தது அரப்பளி இல்லை. நான். அதுவும் பொய் சொல்லிக் கொடுக்கவில்லை... மரியாதையாகப் பேசிக் கொடுத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — மலைமேல் இருக்கிற செம்மேட்டில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுத்து மட்டும் எப்படியோ வருகிறது. ஆனால் அரப்பளியைப் பற்றி ஒரு வாரம்கூட எழுதியதில்லை. எழுதியிருந்தால் அதுவாவது ஓர் ஆதாரமாக இருந்திருக்கும்.

அவர் பன்னிரண்டு வருஷமாக என் பட்டறையில் வெல்டர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவர். நான் அவருக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் வந்த பிறகுதான் என் பட்டறைக்கே நல்ல பேர் வந்தது. மலையில் எத்தனை பள்ளிக்கூடக் கேட், எத்தனை ஜன்னல் கம்பி! மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு மலை இறங்கும் லாரிகளில் பாதிக்குப் பின்கதவு அவர் பற்ற வைத்ததுதான். எழுபது கொண்டை ஊசி வளைவு குலுங்கி இறங்கினாலும் விடாது.

வெளிநாட்டில் வெல்டருக்குத் தேவை இருக்கிறது, குடும்பத்தோடு போய் அங்கேயே இருந்துவிடலாம் என்று யாரோ அவருக்குச் சொன்னார்கள். நாட்டின் பேர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வயதுக்கு இத்தனை மார்க், இங்கிலீஷுக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை என்று போட்டுக் கூட்டுகிறார்கள். இங்கிலீஷ் பரீட்சையை அரப்பளி மூன்று தடவை கோயம்புத்தூர் போய் எழுதினார். மூன்றாவது தடவை தேறினார். அனுபவம்தான் இருப்பதிலேயே சுலபம் என்று நினைத்தோம். பன்னிரண்டு வருஷம் கண்முன்னால் நிற்கிறதே!

கண்ணால் பார்க்க யார் வருகிறார்கள்? பேப்பர் கேட்டார்கள். வேலை நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எஃப்., வருகைப் பதிவேடு... என் பட்டறையில் இருந்த பேப்பர் கரண்ட் பில் ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்தைக் கையில் கொடுப்பேன். அதோடு முடிந்தது.

சரி, அனுபவக் கடிதமாவது வேண்டும் என்றார்கள். நாமக்கல் போய் லெட்டர்பேடு அடித்தேன். ரப்பர் ஸ்டாம்பு செய்தேன். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், எந்தத் தேதியிலிருந்து — எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. கீழே என் போன் நம்பர்.

அந்த நம்பரில்தான் சனி உட்கார்ந்திருந்தது.

நாலு மாதம் கழித்து ஒருநாள் காலை போன் அடித்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பரை நான் எடுப்பதே இல்லை. அரப்பளி கிரைண்டரை நிறுத்திவிட்டு, “எடுங்கண்ணா, அவங்களாத்தான் இருக்கும்” என்றார். தன்னைப் பற்றிய பேச்சை நின்று கேட்பது சரியில்லை என்று அவரே ரோட்டுப் பக்கம் போய்விட்டார். கேட்டிருக்கலாம். இடையில் புகுந்து கத்தியிருக்கலாம்.

பேசியது ஒரு பெண். நல்ல தமிழ், நல்ல மரியாதை. கடிதத்தில் உள்ளதைச் சரிபார்க்க வேண்டும் என்றார்.

“சார், அரப்பளிங்கறவர் உங்க ஒர்க்‌ஷாப்ல வேலைக்கு இருக்காரா?”

“வேலைக்குன்னெல்லாம் சொல்லக் கூடாதுங்க. எங்க ஊட்டுப் புள்ளைங்க.”

“உங்க சொந்தக்காரரா?”

“சொந்தத்துக்கும் மேலீங்க.”

“மாசச் சம்பளம் எவ்வளவு சார் குடுக்கறீங்க?”

“அவருகிட்டப் போயி சம்பளம்னு பேசுவமுங்களா? வேணுங்கறத எடுத்துக்குவாரு.”

“வேலை நேரம்?”

“நேரங்காலமெல்லாம் எங்களுக்குள்ள இல்லீங்க. இது அவரு பட்டறை மாதிரீங்க.”

“அவரோட பட்டறையா சார்?”

“ஆமாங்க. அவருதுன்னே வெச்சுக்குங்களேன்!”

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். மூன்று நிமிடம் இருக்கும். என் வாழ்நாளில் தெரியாதவரிடம் போனில் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. வேர்த்துவிட்டது. ஆனாலும் ஒரே பெருமை. “நல்லாச் சொல்லிட்டேம்ப்பா” என்றேன். அரப்பளி டீ வாங்கி வந்தார். இரண்டு பேரும் குடித்தோம்.

வெளியூர் வாசகர்கள் சிரிக்கலாம். இந்தப் பக்கம் வந்து பாருங்கள். கூட இருப்பவரை ‘வேலையாள்’ என்று இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அரப்பளி வந்த புதிதில், மாற்றலாகி வந்த ஒரு ஆபீஸர் பட்டறைக்கு வந்தார். அரப்பளியைக் காட்டி, “உங்க வேலைக்காரனா?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அன்றைக்கு மத்தியானம் அரப்பளி சாப்பிடவில்லை. சோற்றுப் போசியைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், எங்க ஊட்டுப் புள்ளை என்றுதான் சொல்லி வந்தேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம். போனில் மட்டும் மாறுமா?

ஒரு மாதத்தில் மெயில் வந்தது. ‘விண்ணப்பதாரர் தங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர், சம்பளம் கிடையாது, வேலை நேரம் கிடையாது, தொழில் அவருடையது என்று உரிமையாளரே கூறியுள்ளார். கடிதம் வேறு விதமாக உள்ளது. முப்பது நாளுக்குள் விளக்கம் தரவும்.’

நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவர்கள் மாற்றி எழுதவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

விஷயத்தை வீட்டில் சொல்ல அரப்பளியோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி செல்வி வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். அதிர்ந்து பேசாத பெண். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் மிளகைக் கிண்டிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

“ஏனுங்கண்ணா, ஊட்டுப் புள்ளைன்னா பட்டறையில பாதிய எழுதிக் குடுப்பீங்களா?”

நான் அரப்பளியைப் பார்த்தேன்.

“மாட்டீங்கல்ல? அப்பறம் என்னுங்க ஊட்டுப் புள்ளை! கூலிக்காரன்னு சொல்லியிருந்தா எம் புள்ளைக்கு ஒரு வழி பொறந்திருக்குமுங்களே.”

“செல்வி, சும்மா இரு. அண்ணன் நல்லதுக்குத்தான் சொன்னாரு” என்றார் அரப்பளி.

“நல்லதுக்குத்தாங்க. அண்ணனோட நல்லதுக்கு.”

அன்று முழுக்க அந்தக் கடைசி வார்த்தை காதுக்குள்ளேயே கிடந்தது. யோசித்துப் பார்த்தால்... பி.எஃப். கட்டாதது யாருக்கு நல்லது? வருகைப் பதிவேடு வைக்காதது யாருக்கு நல்லது? ஊட்டுப் புள்ளைக்குப் பதிவேடு எதற்கு என்று ஒவ்வொரு வருஷமும் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சொன்னது பாசம்தான். ஆனால் பாசம் எனக்கு வசதியாகவும் இருந்தது.

பேசிக் கெடுத்ததை எழுதிச் சரி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். எழுத்துதான் எனக்கு வருமே! நாலு பக்கம். எங்கள் ஊரில் எப்படிப் பேசுவோம், ஏன் பேசுவோம், போசியைத் திறக்காத கதை எல்லாம் எழுதினேன். நாமக்கல்லில் இங்கிலீஷுக்கு மாற்றி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். அவர் பற்ற வைத்த கேட்களின் போட்டோ, கேட் வாங்கியவர்களின் கையெழுத்து எல்லாம் சேர்த்துத்தான்.

அதற்குத்தான் புதன்கிழமை பதில். விளக்கம் ஏற்கும்படியாக இல்லை. ஒரே வரி.

பிரவுசிங் சென்டரிலிருந்து வெளியே வந்ததும் அரப்பளி சொன்னது இதுதான்: “பாப்பாவுக்கு ரெண்டு சைஸு பெருசா ஸ்வெட்டர் வாங்கி வெச்சிருக்கா செல்வி. போறதுக்குள்ள சரியாயிரும்னு.”

ஐந்து வருஷம் கழித்து அந்த ஸ்வெட்டர் அந்தக் குழந்தைக்கு எதற்கு ஆகும்? அரப்பளிக்கு வயதும் ஏறியிருக்கும். வயதுக்குப் போடும் மார்க் இறங்கியிருக்கும்.

வியாழக்கிழமை காலையில் கடைக்குப் போய் ஒரு வருகைப் பதிவேடு வாங்கினேன். முதல் பக்கத்தில் அரப்பளியின் பேரை எழுதினேன். அவர் வழக்கம்போல் ஒன்பது மணிக்கு வந்தார். பதிவேட்டைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

பதினோரு மணி வாக்கில் பேளுக்குறிச்சியிலிருந்து ஒருவர் வந்தார். மலையில் இடம் வாங்கியிருக்கிறாராம். பெரிய கேட் செய்ய வேண்டுமாம். அளவெல்லாம் சொல்லிவிட்டு அரப்பளி பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இவரு யாருங்க, உங்க தம்பீங்களா?”

“இல்லீங்க” என்றேன். நாக்கு ஒட்டவே இல்லை. “எங்கிட்ட வேலைக்கு இருக்கறவருங்க. வெல்டரு. பன்னெண்டு வருசமா சம்பளத்துக்கு வேலை செய்யறாருங்க.”

அரப்பளி ஹெல்மெட்டை எடுத்து முகத்தில் இறக்கிக்கொண்டார். கையில் வெல்டிங் ராடு இல்லை. மெஷினும் ஓடவில்லை.

இந்தத் தடவை சரியாகத்தானே சொன்னேன்?