பார்வைக்கு வைத்த கோப்பு

1998 ஜூன் 16, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்தேன், பால் வாங்கினேன். ஏழே முக்காலுக்கு ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லின் ஸ்டோர்ஸைத் திறந்தேன். மாலை நாலரைக்குப் பூட்டி, சாவியை ஒப்படைத்துவிட்டு, நாலு ஐம்பது பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. இதெல்லாம் அன்றைய டைரியில் உள்ளபடி.

என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. எம்ஃபில் ஆய்வேட்டை முடிக்கும் கட்டத்தில் இருந்தாள். தேவதானம், சோழபுரம், தளவாய்புரம் பக்கத்துக் கிணறுகளில் மாதாமாதம் நீர்மட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்பது ஆய்வு. எழுத்து வேலை முடிந்திருந்தது. கிணற்றுக்கு ஒன்றாக இருபத்தேழு கோட்டு வரைபடங்கள் பாக்கி. கையால் வரைந்தவற்றை வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார். ஆய்வேட்டை ஒப்படைக்க வியாழக்கிழமை கடைசி நாள். அதுவே ஒருமுறை கெஞ்சி நீட்டித்து வாங்கிய நாள். தவறினால் மறுபடி பதிவு செய்ய வேண்டும், இன்னொரு வருடம் போகும்.

வரைபடங்களுக்கு நான் பொறுப்பேற்றிருந்தேன். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பாய் என்னோடு படித்தவர். அவரிடம் இருந்த ஐந்து கம்ப்யூட்டர்களில் நான்கு வகுப்புகளுக்கு. ஐந்தாவதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தார். பத்திரிகையோடு வந்த சிடியில் வரைபடம் போடும் இலவச நிரல் ஒன்று இருந்தது. அது மூலநிரலாகத்தான் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஓடும் வடிவத்துக்கு நாமே மாற்றிக்கொள்ள, அதாவது கம்பைல் செய்துகொள்ள வேண்டும். படத்தை அச்சுக்குத் தயார் செய்ய அந்த நிரல் இன்னொரு துணைக் கோப்பை நம்பியிருந்தது. இப்படிப் பல நிரல்களுக்கும் பொதுவாக உதவும் கோப்பை லைப்ரரி என்பார்கள். அதையும் கம்பைல் செய்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையே இரண்டையும் செய்தேன். லைப்ரரி தானாகப் போய் உட்காரும் வழக்கமான இடம் ஒன்று உண்டு. நான் அங்கே விடவில்லை. எங்கள் ஸ்டோர்ஸில் புதிதாக வந்த பேரிங்கை நேராக ரேக்கில் வைப்பது கிடையாது. தேதிச் சீட்டு ஒட்டி, ‘பார்வைக்கு’ என்று எழுதிய தனி அலமாரியில் வைப்போம். சரிபார்த்த பிறகே ரேக்குக்குப் போகும். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். எனவே கம்ப்யூட்டரிலும் ‘பார்வைக்கு’ என்று கோப்புகள் வைக்கும் தனி இடம், அதாவது ஒரு டைரக்டரி, அதற்குள் அன்றைய தேதியில் இன்னொன்று உண்டாக்கி, லைப்ரரியை அதில் வைத்தேன். நிரலைக் கம்பைல் செய்யும்போது அந்த இடத்தை முழுமையாகக் குறிப்பிட்டேன். நாற்பது நிமிடம் ஓடி, ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. அதற்குள் சென்டரை அடைக்கும் நேரம் ஆகிவிட்டதால் ஓட்டிப் பார்க்கவில்லை.

செவ்வாய் மாலை ஐந்தரைக்கு ஓட்டினேன். லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று திரையில் வந்தது. டைரக்டரியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. அளவு சரி. தேதி சரி. டைரியில் குறித்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். இல்லை என்றது.

“கண்ணு முன்னாடி இருக்கு, இல்லைங்குது. பொய் சொல்லுது மாப்ளே,” என்றார் பாய்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது.”

“என் கம்ப்யூட்டர் சொல்லும்லே. நீ அதுகூட இப்பத்தான பழகுத.”

மறுபடி முதலிலிருந்து கம்பைல் செய்தேன். இன்னொரு நாற்பது நிமிடம். அதே செய்தி. இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்தது ஒருவகையில் திருப்தியாக இருந்தது. இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது.

பள்ளி விட்டதும் நேராக அங்கே வந்து, பக்கத்து மேஜையில் புது வகுப்புக்கு வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

“எங்க தேடிட்டு இல்லைங்குது?” என்று கேட்டாள்.

“நான்தான் எடத்தச் சொல்லியிருக்கேனே.”

“எப்பச் சொன்னீங்க?”

“கம்பைல் பண்ணும்போது.”

“அது கட்டி முடிக்கிறதுக்குச் சொன்னது. ஓடும்போது யாரு சொன்னா?”

அந்தக் கேள்வியை டைரியில் குறித்துக்கொண்டேன்.

“எட்டு பி-யில உக்காந்திருக்கவன எட்டு ஏ-யில கூப்பிட்டா ஆப்சென்ட்தான். பய பள்ளிக்கூடத்துலதான் இருப்பான்,” என்றாள். “வீட்லயும் அப்படித்தான பாய். கத்திரிக்கோல் எங்கன்னா, அதுக்குரிய எடத்துல இருக்கும்பாக. அந்த எடம் இவுகளுக்கு மட்டுந்தான் தெரியும்.”

பாய் சிரிக்காமல் இருக்க முயன்றார். பிறகு சிடியோடு வந்த குறிப்புத் தாள்களைப் புரட்டினார். நிரல் ஓடும்போது லைப்ரரியை எந்தெந்த இடங்களில் தேட வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு பட்டியல் கோப்பு உண்டு என்று அதில் இருந்தது. திறந்து பார்த்தோம். என் டைரக்டரி அதில் இல்லை.

“வழக்கமான எடத்துலயே தூக்கி வச்சிருங்களேன்,” என்றாள் மனைவி.

“இன்னும் சரிபார்க்கலையே.”

“என் எம்ஃபில்லு போனப்பொறவு நல்லாச் சரிபாருங்க.”

பட்டியலில் என் டைரக்டரியை ஒரு வரியாகச் சேர்த்தேன். பாய் மக்ரிப் தொழுகைக்குக் கிளம்பினார். ஓட்டினேன். அதே செய்தி, எழுத்து மாறாமல். நான் சேர்த்த வரியை ஐந்து முறை படித்துப் பார்த்தேன். தப்பு இல்லை. மனைவி பதிவேட்டை மூடி வைத்துவிட்டாள்.

தொழுகை முடிந்து வந்த பாய் தாளை எடுத்துப் பார்த்தார்.

“அடுத்த பத்திய வாசிச்சியா?”

வாசிக்கவில்லை. முதல் பத்தியைத் தாள் எண்ணோடு டைரியில் எழுதிக்கொண்டிருந்தேன். பட்டியலை மாற்றினால் மட்டும் போதாது, மாறிய பட்டியலை லினக்ஸ் மறுபடி படித்துக்கொள்ள ஒரு கட்டளை கொடுக்க வேண்டும் என்று அடுத்த பத்தி சொன்னது. கொடுத்தேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை.

ஏழு பத்துக்கு தேவதானத்து முதல் கிணற்றின் வரைபடம் திரையில் வந்தது. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கோட்டின் மேல் விரல் வைத்து மாதம் மாதமாக நகர்த்தினாள்.

“மே மாசம் சரியா இருக்கு,” என்றாள். அவ்வளவுதான். ஆனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

பாயின் பிரின்டர் ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. எட்டேகாலுக்கு இருபத்தேழும் முடிந்தன. எட்டரை பஸ்ஸில் இருவரும் ராஜபாளையம் திரும்பினோம். தாள்களை அவளே மடியில் வைத்துக்கொண்டாள், என்னிடம் கொடுக்கவில்லை.

மறுநாள் புதன், காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் வாங்கப் போகவில்லை. முதல் வேலையாக இருபத்தேழு தாள்களையும் எண் பார்த்து, ஆய்வேட்டில் அந்தந்தப் பக்கத்துக்கு எதிரே செருகினேன். பதினாலாவது தலைகீழாக இருந்தது. திருப்பி வைத்துவிட்டு, பைண்டிங் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டப் போனேன்.