இத்தாலியைச் சாப்பிட்டுப் பார்க்க வவுனியாவுக்கு

பிற்பகல் இரண்டரை மணிக்கு நானும் தங்கை சுமதியும் அக்கராயனிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். போகிற இடம் வவுனியா. அலுவல், இரவுச் சாப்பாடு. ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு தூரமா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. சுமதியின் கணவர் பதினொரு வருடமாக இத்தாலியில் வேலை செய்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் வந்து கலியாணம் முடித்து, நாற்பது நாள் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர். இப்போது இவளுக்கு விசா வந்துவிட்டது. இவளோ பிளேன் ரிக்கெற் எடுக்கவிடாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துவராட்டி அங்க போய் என்ன செய்யிறது?" என்பதே அவளுடைய ஒரே கேள்வி. வவுனியாவில் பெரிய ஹோட்டல் ஒன்றில் இத்தாலியச் சாப்பாடு கிடைக்கிறதாம் என்று கேள்விப்பட்டதும், சாப்பிட்டே பார்த்துவிடுவோம் என்றேன். எனக்கு இப்படியொரு மூளை இருப்பதில் எனக்கே பெருமைதான்.

மூன்று மணிக்கு முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளைத் தெரிந்த கடையில் நிறுத்தி, பஸ் ஏறினோம். ஆளுக்கு இருநூற்றைம்பது ரூபாய்.

"வவுனியாவில என்ன அலுவல்?" என்று கொண்டக்டர் கேட்டார்.

"சாப்பிடப் போறம்."

சிரித்துக்கொண்டே மிச்சக் காசைத் தந்தார். மாங்குளத்தில் இருக்கை கிடைத்தது. அங்கிருந்து வவுனியா சுமார் ஐம்பது கிலோமீற்றர். வழிநெடுகத் தெரிந்த வயல்களுக்கெல்லாம் சுமதி குறை சொல்லிக்கொண்டு வந்தாள். களை பிடுங்காத வயலைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது.

ஆறு மணிக்கு ஹோட்டல். ஏசிக் குளிர், வெள்ளை மேசைவிரிப்பு, மங்கலான வெளிச்சம். பீட்சா 3,800 ரூபாய், ரிசோட்டோ 3,200 ரூபாய். ரிசோட்டோ என்றால் என்னவென்று சுமதி கேட்டாள். நாற்பது வயது மதிக்கத்தக்க வெயிற்றர், "சோறுதான் தங்கச்சி, சீஸ் போட்டுக் குழைச்சது" என்றார். சோறு என்றதும் அவளுடைய முகம் தெளிந்தது.

நாற்பது நிமிடம் கழித்து, சுளகளவு தட்டில் ஓர் அகப்பைச் சோறு வந்தது. சுமதி ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினாள்.

"இது அவியேல்லை அண்ணை. நடுவில அரிசி நிக்குது."

"இத்தாலியில இப்பிடித்தான் சாப்பிடுவினம்" என்றார் வெயிற்றர்.

"சரி. ஆனா இது எங்கட கீரிச்சம்பா அரிசியெல்லே?"

அவர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். "ஓம், இஞ்சத்தைச் சந்தையில வாங்கினதுதானாம்" என்றார், குரலைத் தாழ்த்தி.

பீட்சா அடியில் கருகி, நடுவில் பச்சை மாவாக இருந்தது. ஏழாயிரம் ரூபாயை நினைத்து எனக்கு வயிறெரிந்தது. சுமதி மட்டும் ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டு முடித்தாள். நெல் விதைக்கிறவளுக்குச் சோற்றை வீச மனம் வராது.

ஏழரை மணிக்குத் திரும்புகிற பஸ். வழியில் எந்த வயலுக்கும் அவள் குறை சொல்லவில்லை. என் மூளையை நானே திட்டிக்கொண்டேன். இனி இவள் போகமாட்டாள், அங்கே அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது என்று கவலையாக இருந்தது.

ஓமந்தை தாண்டியதும் சொன்னாள்: "அண்ணை, ரிக்கெற்றைப் போடச் சொல்லுங்கோ. கிட்டடியில எந்த நாளெண்டாலும் சரி."

"சாப்பாடு பிடிக்கேல்லையெண்டெல்லோ நினைச்சன்?"

"பிடிக்கேல்லைத்தான். போனில ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேப்பன். 'இத்தாலிச் சாப்பாடு, ஒரு குறையுமில்லை' எண்டுவார். தான் மட்டும் நல்லாச் சாப்பிடுறாரெண்டு எனக்கு எரிச்சலாயும் இருக்கும். பதினொரு வருசமா அந்த மனுசன் இந்த அரைவேக்காட்டையெல்லே திண்டிருக்குது, அண்ணை."

பிறகு, பிளேனில் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று கேட்டாள். முப்பது என்றேன்.

"சாறியளைக் குறைக்கிறன். பத்துக் கிலோ எங்கட அரிசி."

இத்தாலிக்காரர் தங்கள் ஊரில் நன்றாகத்தான் சமைப்பார்கள், பிழை வவுனியா ஹோட்டல் குசினியுடையதாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சுமதி விரல் மடித்து நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அதை விழுங்கிவிட்டு, அரிசியை நானே கட்டித் தருகிறேன் என்றேன்.